உயிலும் வக்கீல் கட்டணமும்

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக மலையேறும் சாலையில் உள்ளது அடுக்கம். காப்பியும் மிளகும் மலை வாழையும் பயிரிட்டுப் பாடுபட்டு நிலம் சேர்த்த பெரியவர்களிடம், “உயில் எழுதியாயிற்றா?” என்று நாம் கேட்டால், “வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமே, பார்க்கலாம்” என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. தறியை நம்பி வாழும் அங்கத்தினரும் இவ்வாறே கூறுகின்றனர். ஆகவே, இச்செலவு எதற்கு ஆகிறது, எப்போது அவசியமாகிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, உயிலுக்கு வக்கீல் வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. முத்திரைத்தாளும் வேண்டுவதில்லை; வெள்ளைத்தாளே போதும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்வதும் அவரவர் விருப்பமே. எனினும், பதிவு செய்தால் பின்னர் காணாமற்போகும் அச்சம் குறையும்.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வற்புறுத்துவன சிலவே. எழுதுபவர் பதினெட்டு வயது நிரம்பித் தெளிந்த புத்தியுடன் இருத்தல் வேண்டும். கையொப்பமோ கைந்நாட்டோ இடுதல் வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிகள் ஒவ்வொருவரும் அவர் ஒப்பமிடக் கண்டோ, “இது என் ஒப்பம்” என்று அவர் கூறக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாமும் ஒப்பமிட வேண்டும். முஸ்லிம்களுக்கு அவர்தம் மதச் சட்டம் பொருந்தும். மற்ற வாரிசுகள் இசையாவிடில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அவர்கள் உயில் எழுத இயலாது.

இச்சிறு விதிகளில் தவறினால் நேர்வது யாது? ஓர் இந்து அங்கத்தினர் தாம் சம்பாதித்த வீட்டை மனைவிக்கே எழுதி வைத்து, ஒரே சாட்சியிடம் ஒப்பம் பெற்றார் என வைத்துக்கொள்வோம். அவ்வுயில் செல்லாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், மகன்கள், மகள்கள் அனைவருக்கும் அவ்வீட்டில் சம பங்கு உண்டாகும். முழு வீடும் தமக்கென்று நம்பியிருந்த அம்மூதாட்டிக்கு ஒரு பங்கே மிஞ்சும்.

பயன் பெறுபவரைச் சாட்சியாக்குவதும் தகாது. கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கு எழுதிய பங்கே செல்லாது போகும். பிறர் உயிலிலும் ஐயம் எழ இடமாகும். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் சாட்சி கூற நேரலாமாதலால், வயதில் இளையவரைத் தேர்வது நன்று.

சொந்தச் சம்பாத்தியமான ஒரு வீடு, ஒரு நிலம் என்றால் சில வரிகளில் உயில் முடிந்துவிடும். பாகப்பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்து, அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலம், இரண்டாம் தாரத்து மக்கள், மைனர் வாரிசு, ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தல் ஆகியவை இருப்பின் வக்கீலை நாடுவதே விவேகம். அவர் பெறும் கட்டணம் எழுத்துக்கன்று, பத்திரங்களை ஆராய்வதற்கே ஆகும். இதற்கென நிலையான விகிதம் இல்லை. ஆகையால், பத்திரப் பரிசீலனை, நகல் தயாரிப்பு, திருத்தம், பதிவுக்கு உடன் வருதல் ஆகியவற்றுள் எவையெவை கட்டணத்தில் அடங்கும் என்பதை முதலிலேயே கேட்டறிக. பட்டாவையும் மூலப்பத்திரத்தையும் கையோடு கொண்டு சென்றால் மலையிறங்கும் நடைகளும் குறையும்.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டப்படி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.

இறுதியாக ஒன்று. சங்கப் பதிவேட்டில் நியமனதாரர் பெயர் இருப்பதால் உயில் வேண்டாம் என்று எண்ணற்க. ஆயுள் காப்பீட்டு வழக்கொன்றில் 1983-இல் உச்ச நீதிமன்றம், நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி அதன் உரிமையாளர் அல்லர் என்று தெளிவாக்கியது. சொத்து யாருக்கு என்பதைக் கூற வேண்டியவர் உரியவரே. கை நடுங்காத காலத்தில் அதைக் கூறிவிடுதல் நலம்.