மஞ்சள் தீ எரிகிறதா?

சங்கரன்கோவிலில் வீட்டோடு தறி போட்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. பஞ்சுத் தூசி சோற்றில் விழக்கூடாதென்று சமையலறை ஜன்னலைச் சாத்தி வைப்பது அங்கே இயல்பாக வந்துவிடும். கேஸ் அடுப்புக்கு அது ஆகாது.

சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் ஹைட்ரஜன் நீராவியாகும், கார்பன் கரியமில வாயுவாகும், தீ நீலமாக எரியும். ஒரு பங்கு பியூட்டேன் முழுதாக எரிய 30 பங்குக்கு மேல் காற்று வேண்டும். அது குறைந்தால் கார்பன் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. எரியாத மிச்சம் கரியாகப் பானையின் அடியில் ஒட்டுகிறது. தீ மஞ்சளாகி, பாத்திரம் கறுத்தால் ஜன்னலைத் திறங்கள். அடுப்பு ஆறியதும் பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் பித்தம் என்று படுத்துவிடாதீர்கள். முதலில் வெளிக்காற்றுக்கு வாருங்கள். மழைக்காலத்தில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் கரிச்சட்டியை வைத்துக் கதவைச் சாத்துவதை இன்றே நிறுத்த வேண்டும்.

கசிவு வேறு வகை ஆபத்து. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். தறியை நிறுத்துகிறேன் என்று ஸ்விட்சைத் தொடாதீர்கள். அந்தச் சிறு பொறி போதும். வெளியே வந்தபின் 1906-க்குப் பேசுங்கள், எந்நேரமும் எடுப்பார்கள்.

சிலிண்டர் வாங்கும்போதே எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. கழுத்துப் பட்டையில் 'ஏ' எழுத்தோடு 27 என்று இருந்தால், 2027 மார்ச் வரைதான் அது செல்லும். கெடு கடந்திருந்தால் வாங்க மறுக்கலாம். ஆரஞ்சு நிற டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று, பதிவுபெற்ற இணைப்புக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு. நாம் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. கேஸ் விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. பொருள் சேதத் தொகை பதிவு செய்த முகவரியில் நடந்த விபத்துக்குத்தான். வாடகை வீடு மாறி, முகவரியை மாற்றாமல் விடுகிற குடும்பங்கள் இழப்பது இதைத்தான். விபத்து நடந்தால் தாமதிக்காமல் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். போலீஸ் அறிக்கை, மருத்துவமனைச் சீட்டு, பில் எதையும் தொலைக்காதீர்கள்.

ஏஜென்சி தட்டிக் கழித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.