ஓட்டுநர் இல்லா வாகனப் பொறியியல்: மேற்படிப்பில் சேரும் முன் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஓர் அத்தாவும் மகனும் வந்தார்கள். அத்தா சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பல வருடமாக லாரி ஓட்டுபவர். மகன் மெக்கானிக்கல் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறார். தானாக ஓடும் வாகனங்களைப் பற்றி மேற்படிப்பு படிக்க மகனுக்கு ஆசை. வெளிநாட்டுக் கல்விக்கு ஆள் சேர்க்கும் ஓர் ஏஜெண்டு, இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்தால்தான் பணம் புரளும். அத்தா எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். "வீட்டை வச்சுப் படிக்கிற அளவுக்கு இதுல வேலை இருக்கா? இவன் படிச்சு வந்து, கடைசியில என் வேலையத்தான் ஒழிக்கப் போறானா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இதே யோசனையில் இன்னும் சில குடும்பங்கள் இருப்பதால், அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

இந்தப் படிப்பு எதைப் பற்றியது?

வாகனம் தானாக ஓடுவதை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் வெளியிட்ட இந்த வரிசையைத்தான் உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். 0-வது படியில் எல்லாம் ஓட்டுநர் கையில். 1-வது படியில் வேகம் அல்லது ஸ்டியரிங், இரண்டில் ஒன்றை வண்டி பார்த்துக்கொள்ளும். 2-வது படியில் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஓட்டுநர் கண்ணை எடுக்கக் கூடாது. 3-வது படியில் குறிப்பிட்ட சூழலில் வண்டியே ஓட்டும். கூப்பிட்டால் ஓட்டுநர் உடனே பொறுப்பேற்க வேண்டும். 4-வது படியில் குறிப்பிட்ட பகுதிக்குள் ஓட்டுநரே தேவையில்லை. 5-வது படி எந்தச் சாலையிலும், எந்த நேரத்திலும் ஆளில்லாமல் ஓடுவது. அப்படி ஒரு வண்டி இன்றுவரை எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. அமெரிக்காவில் பீனிக்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் ஓடும் வேமோ டாக்சிகள் 4-வது படியைச் சேர்ந்தவை.

திண்டிவனத்தில் திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரிகின்றன. அங்கே திரும்பும் ஓட்டுநர் ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் செய்கிறார். தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். எதிரே வரும் பைக்காரர் அடுத்து என்ன செய்வார் என்று கணிக்கிறார். பிறகு ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் இயக்குகிறார்.

இந்த நான்கையும் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் படிப்பு. கண்ணுக்குப் பதில் கேமராவும், ரேடியோ அலையில் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் ரேடாரும், லேசர் ஒளியில் சுற்றுப்புறத்தை அளக்கும் லிடாரும் இருக்கும். இடத்தை அறிய ஜி.பி.எஸ். உதவும். இவை தரும் தகவல்களை ஒன்றாக்கி முடிவெடுப்பது கணினி நிரல். அதன் அடிப்படையான அல்காரிதம் என்ற சொல்லே, 9-ம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஆகவே இது வெறும் கார் படிப்பு அல்ல. மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் ஆகிய நான்கு துறையினரும் இதற்குள் வரலாம். எந்தத் துறையிலிருந்து வந்தாலும் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய கணிதப் பாடங்களும், பைதான், சி பிளஸ் பிளஸ் நிரல் மொழிகளும் இல்லாமல் நகர முடியாது. இவற்றைக் கண்டு பயப்படும் பிள்ளையை, பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்த்துவிட வேண்டாம்.

அத்தாவின் வேலை போய்விடுமா?

2004-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பு மொஹாவி பாலைவனத்தில் ஒரு போட்டி வைத்தது. ஆளில்லாமல் சுமார் 240 கிலோமீட்டர் ஓட வேண்டும். களத்தில் இறங்கிய 15 வண்டிகளில் ஒன்றுகூட முடிக்கவில்லை. அதிகத் தூரம் போன வண்டி சுமார் 12 கிலோமீட்டரில் நின்றது. மறு ஆண்டே ஐந்து வண்டிகள் எல்லையைத் தொட்டன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு வென்றது. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் சில நகரங்களுக்குள்தான் இந்த டாக்சிகள் ஓடுகின்றன.

நம் நாட்டுச் சாலை இன்னும் கடினமானது. ஐரோப்பிய நகரங்களில் எடுத்த படங்களை வைத்துப் பழக்கிய கணினிக்கு நம் ஆட்டோவும், சாலை நடுவே நிற்கும் மாடும், ஓரத்தில் தார் முடிந்து மண் தொடங்கும் இடமும் புரிவதில்லை. இதற்காகவே ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் இண்டெல் நிறுவனமும் சேர்ந்து 2018-ல் இந்தியச் சாலைப் படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டன. ஹைதராபாத், பெங்களூரு பகுதிச் சாலைகளில் எடுத்த சுமார் 10,000 படங்கள். ஒவ்வொரு படத்திலும் எது சாலை, எது ஆட்டோ, எது விலங்கு என்று 34 வகைகளாகக் குறித்திருக்கிறார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதால் ஓட்டுநர் இல்லாக் கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று பேசினார். எனவே நம் பகுதி லாரி, பஸ், ஆட்டோ ஓட்டும் சகோதரர்களின் பிழைப்பு நாளையே போய்விடாது. பிற்காலத்தில் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதை அல்லாஹ்வே அறிவான்.

அப்படியானால் வேலை எங்கே?

இன்றைய வேலை, ஓட்டுநருக்குத் துணை செய்யும் கருவிகளில் இருக்கிறது. முன்னால் வண்டி நின்றால் தானாகப் பிரேக் போடுவது, தடம் மாறினால் எச்சரிப்பது, ஓட்டுநர் கண் அயர்ந்தால் எழுப்புவது போன்றவை. மஹிந்திரா நிறுவனம் 2021-ல் வெளியிட்ட எக்ஸ்.யூ.வி.700 காரின் உயர்ரகங்களில் இத்தகைய வசதிகள் வந்தன. அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. ரெனோ–நிசான் தொழில்நுட்ப மையமும் அங்கேதான். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி, சோதனை மையம் இருக்கிறது. எல்லாம் திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியை ஒட்டியவை.

இந்த வேலையின் மதிப்பை நாம் இன்னொரு வகையிலும் பார்க்க வேண்டும். 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இரவு ஓட்டுநரின் தூக்கம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பது நெடுஞ்சாலை ஓரத்தில் வாழும் நமக்குத் தெரியும். சரியான நேரத்தில் பிரேக் போடும் கருவியைச் செய்பவர் உயிரைக் காப்பவர். இதை அந்த அத்தாவிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப இது டிரைவருக்கு எதிரான படிப்பு இல்லை" என்றார்.

பொறுப்பும் பெரிது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரவில் சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. கருவிகள் அவரைக் கண்டுகொண்டன. ஆனால் அவர் யார், எந்தப் பக்கம் போகிறார் என்பதைக் கணினி மாற்றி மாற்றிக் கணித்தது. காவலுக்கு உள்ளே இருந்தவரும் சாலையைப் பார்க்கவில்லை. இப்படி நேராமல் தடுக்கும் பாதுகாப்புப் பொறியியல் இந்தத் துறையில் தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 26262 என்ற தர நெறியைப் படித்திருப்பவருக்கு வேலைத் தேர்வில் மதிப்பு உண்டு.

வீட்டை அடகு வைக்காமல் படிக்க வழி

பலருக்குத் தெரியாத செய்தி இதுதான்: இந்தியாவில் கேட் தேர்வில் தகுதி பெற்று முழுநேர எம்.டெக். சேரும் மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதாவது பணம் கட்டுவதை விடப் பெறுவதற்கு வாய்ப்புள்ள படிப்பு இது. கேட் தேர்வு மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் திறக்கும். மூன்றாம் ஆண்டு மாணவரே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். பெண் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணம் குறைவு.

படிக்கும் இடங்களில் சில:

ஹைதராபாத் ஐ.ஐ.டி. – ஸ்மார்ட் மொபிலிட்டி எம்.டெக். தானியங்கி வாகனங்களைச் சோதிக்கும் 'திஹான்' என்ற மையமும் களமும் அங்கேயே இருக்கின்றன. களம் 2022-ல் திறக்கப்பட்டது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் – ரோபாட்டிக்ஸ் மற்றும் தானியங்கி அமைப்புகள் எம்.டெக்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம் – ஆட்டோமொபைல் பொறியியல் எம்.இ. அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர கேட் மதிப்பெண் அல்லது 2023 முதல் நடக்கும் சீட்டா பி.ஜி. நுழைவுத் தேர்வு.

கல்லூரிப் பெயர்ப் பலகையில் 'தானியங்கி வாகனம்' என்ற சொல் இருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டுப்பாட்டுப் பொறியியல், எம்பெடட் சிஸ்டம்ஸ், மெக்கட்ரானிக்ஸ், கணினிப் பார்வை ஆகியவற்றில் எம்.டெக். முடித்தவர்களும் இதே வேலைக்குத்தான் போகிறார்கள். பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தையும் ஆய்வகத்தையும் பாருங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் நம் பிள்ளைகள் ஏமாந்துவிடுகிறார்கள். தமிழக அரசு ஒதுக்கீட்டில் நமக்கு பி.சி.எம். பிரிவில் 3.5 விழுக்காடு உண்டு. ஆனால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் பி.சி.எம். சான்றிதழ் செல்லாது. அங்கே 27 விழுக்காடு ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு, மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதோர்' சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் வேறு வேறு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளது. மற்றவர்கள் தங்கள் பிரிவு அதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கிடைக்க நாளாகும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

வெளிநாடு போவதென்றால்

இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் போன்றவற்றில் நல்ல படிப்புகள் உண்டு. ஆனால் ஒரு வருடத்துக்குக் கட்டணமும் செலவும் மிக அதிகம். படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு தங்கி வேலை தேடும் அனுமதியை 18 மாதமாகக் குறைப்பதாக அந்நாட்டு அரசு 2025-ல் அறிவித்தது. வேலை உறுதி என்று ஏஜெண்டு சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற சில இப்போது வெளிநாட்டினரிடம் வாங்குகின்றன. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். இத்தாலியின் நேபிள்ஸ் ஃபெடெரிகோ இரண்டாம் பல்கலைக்கழகத்தில் தானியங்கி வாகனப் பொறியியல் என்ற பெயரிலேயே ஆங்கில வழி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இத்தாலிய அரசுப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் குறையும்.

அப்துல் கலாம் அவர்கள் எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அவருடைய சகோதரி ஜொஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்த செய்தி நமக்குத் தெரியும். அந்தத் தியாகம் பெரியது. அவர் சேர்ந்ததோ தகுதியால் இடம் கிடைத்த ஒரு சிறந்த கல்லூரி. இன்று நாம் அடகு வைக்கும் முன், வாங்கப் போவது அப்படிப்பட்ட கல்வியா என்று பார்க்க வேண்டும். வட்டிக் கடன் என்றால் கையெழுத்திடும் முன் உலமாக்களிடம் ஆலோசனை கேளுங்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள மாணவர்கள் கூச்சப்படாமல் நம்மிடம் வாருங்கள்.

இப்போதே தொடங்க

என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். 'கார்லா' என்ற இலவச மென்பொருளில், நல்ல கிராபிக்ஸ் வசதியுள்ள கணினி ஒன்று இருந்தால், கார் இல்லாமலே ஓட்டிப் பழக்கிச் சோதிக்கலாம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் நான்கு பேராகச் சேர்ந்து ஒரு சிறிய தானியங்கி வண்டி செய்து பார்த்தால், அது நேர்முகத் தேர்வில் பேசும். வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைகளும் கணினிப் பக்கத்தை முழுமையாகக் கற்கலாம்.

அந்த மகன் இப்போது கேட் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். ஏஜெண்டிடம் முன்பணம் கொடுக்கவில்லை. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது. முடிவு அல்லாஹ்விடம், முயற்சி நம்மிடம்.

இந்த ஆண்டு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நகல்களுடன் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகம் வாருங்கள். படிவம் நிரப்ப உடனிருந்து உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், சாலையில் இருக்கும் நம் ஓட்டுநர் சகோதரர்களுக்குப் பாதுகாப்பையும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக. ஆமீன்.