டிராக்டர் ஓடிய நேரத்தைக் குறித்து வைக்கும் சிறு கருவி

டிராக்டரை வாடகைக்கு விடுவோருக்கும் எடுப்போருக்கும் இடையே வரும் தகராறு பெரும்பாலும் மணிக் கணக்கைப் பற்றியதே ஆகும். கேபிள் மூலம் என்ஜினுடன் இணைந்த பழைய மணி மீட்டர், என்ஜின் அதற்கென்று குறித்த வேகத்தில் சுற்றும்போதுதான் ஒரு மணியை ஒரு மணியாகக் காட்டும். வேகம் பாதியானால் மீட்டரும் பாதிதான் நகரும். கைக்கடிகாரமோ முழு நேரத்தைக் காட்டும். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்!

இதற்கு 'ஆர்டுயினோ ஊனோ' என்ற சிறு மின்னணுப் பலகையைப் பயன்படுத்தலாம். ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவானது. பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வேலை சுலபம். இத்துடன் டி.எஸ்.3231 என்னும் கடிகாரச் சில்லு, எஸ்.டி. கார்டு செருகும் பலகை, 12 வோல்டை 5 வோல்டாகக் குறைக்கும் பலகை, இரண்டு ரெசிஸ்டர்கள் ஆகியவை தேவை.

என்ஜினைத் தொட வேண்டியதே இல்லை. நின்றிருக்கும் டிராக்டரின் பாட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும். என்ஜின் ஓடி சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட் அளவுக்கு உயரும். சாவி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட இதுவே நம்பகமானது. என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மறப்பவர்கள் உண்டு. பாட்டரிக் கம்பியை நேராகப் பலகையில் கொடுத்தால் அது எரிந்துவிடும். 30 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து, 10 கிலோ ஓமின் மறுமுனையைப் பூமிக் கம்பியில் சேர்த்து, இரண்டின் நடுவிலிருந்து எடுத்தால் கால் பங்கே வரும். 13.3 வோல்டுக்குப் பலகை சுமார் 680 என்ற எண்ணைக் காட்டும். அதற்கு மேல் இருந்தால் 10 விநாடிக்கு ஒரு வரி எழுதும்படி புரோகிராமை அமைக்க வேண்டும். 360 வரிகள் ஒரு மணி ஆகும். எல்லை எண்ணை அவரவர் டிராக்டரில் அளந்து வைப்பது நலம்.

புதிதாகத் தொடங்குவோர் தடுமாறுவது புரோகிராமில்தான். பிறர் எழுதியதை எடுத்தால் வேகம், வெப்பம், செயற்கைக்கோள் வழி இருப்பிடம் என எல்லாம் அதில் இருக்கும். ஊனோவின் வேலை நினைவகம் 2,048 பைட் மட்டுமே. அதில் கார்டுக்கே 512 பைட்டுக்கு மேல் போய்விடும். எல்லாவற்றையும் திணித்தால், காரணம் சொல்லாமல் கருவி நின்றுவிடும். வேண்டாததை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கார்டின் தேர்வுக் கம்பியை 10-ம் எண்ணில் சொருகிவிட்டு, புரோகிராமில் 4 என்றே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. கோப்பின் பெயர் 8 எழுத்துக்கு மேல் போனால் எழுதாது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் கோப்பை மூடாவிட்டால், சாவியை அடைத்ததும் கடைசிப் பகுதி போய்விடும்.

மின்சாரத்தைச் சாவிக்குப் பின்னிருந்து, 1 ஆம்பியர் பியூஸ் வைத்து எடுக்க வேண்டும். குறைக்கும் பலகையின் திருகை மீட்டர் வைத்து 5 வோல்டுக்குத் திருப்பிய பிறகே ஊனோவை இணைக்க வேண்டும். முன்பே இணைத்தால் செலவு இரட்டிப்பாகும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் மின்னழுத்தம் இறங்கிப் பலகை மறுபடி தொடங்கக்கூடும். கடிகாரத்துக்குத் தனி பாட்டரி இருப்பதால் நேரம் தவறாது. சொருகு கம்பிகள் மேசைக்குத்தான் சரி. டிராக்டர் அதிர்வில் ஒரே நாளில் கழன்றுவிடும். பற்றவைத்து, தூசி புகாத டப்பாவில், என்ஜின் சூட்டுக்கு எட்ட வைக்க வேண்டும்.

முதலில் ஒரு மணி நேரம் ஓட்டி வரிகளை எண்ணிப் பார்க்கவும். ஓரிரு வரி குறைவது சகஜமே. எண்ணெய் மாற்றுவதற்கு மட்டும், கம்பெனிப் புத்தகம் சொல்லும் மணியை டிராக்டரின் சொந்த மீட்டரிலேயே பார்க்க வேண்டும்.