உங்களுக்குத் தெரியுமா? கலப்பினமும் அகத்தியர் மலை ஆர்க்கிடும்

அரிய தாவரம் ஒன்றின் அருகே அதன் உறவினம் பெருந்தொகையாக வளர்ந்தால், அவ்வுறவினத்தின் மகரந்தமே அரிய செடியின் சூல்முடியை நிறைத்துவிட, பிறக்கும் விதைகள் தலைமுறைதோறும் கலப்பினமாகி, மூல இனமே கரைந்துபோகக்கூடும். கலிபோர்னியாவின் கேட்டலினா தீவில் விரல்விட்டு எண்ணத்தக்க மரங்களே எஞ்சிய ஒரு மலைமகோகனி இனத்துக்கு இந்நிலை நேர்ந்திருக்கிறது.

திருவனந்தபுரத்தை அடுத்த அகத்தியர் மலைக்கே உரிய பாபியோபெடிலம் துரூரியை என்னும் ஆர்க்கிடின் கதை வேறு. 1874இல் தாவரவியலாளர் பெடோம் விவரித்த இச்செடியின் பூவில், மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓட, கீழிதழ் செருப்பின் முன்பகுதிபோல் குழிந்திருக்கும். பாபியோபெடிலம் பேரினத்தில் தென்னிந்தியாவுக்குரியது இது ஒன்றே என்பதால், காட்டில் அதனோடு கலக்க உறவினம் ஏதுமில்லை. அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது பெரிதும் சேகரிப்பாளர்களின் பேராசையே. கலப்பின் ஆபத்து தோட்டத்தில்தான் காத்திருக்கிறது. இப்பேரினத்தின் இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. ஆதலால், கேரளத்தின் பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் போன்று பல நாட்டு ஆர்க்கிடுகளைப் பேணும் இடங்களில், பூவை வலையால் மூடி, அதே இனத்தின் மகரந்தத்தைக் கையால் சேர்த்துப் பெற்ற விதையின் நாற்றுகளே மலைக்குத் திரும்பத் தக்கவை.