எதிரி குறைந்தால் வேகம் கூடுவது ஏன்?

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978ஆம் ஆண்டில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் மின்னணு விளையாட்டை வெளியிட்டது. திரையில் வேற்றுலகப் படை ஒன்று அணிவகுத்து வரும். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகள். மொத்தம் 55 உருவங்கள். ஆடுபவர் கீழிருந்து அவற்றைச் சுட்டு வீழ்த்த வேண்டும். முதலில் ஆமைபோல் ஊர்ந்துவரும் படை, எண்ணிக்கை குறையக் குறைய விரைவு கொள்ளும். கடைசியாக எஞ்சும் ஒன்றோ பாய்ந்தோடும்! இதற்குக் காரணம் என்ன?

இந்தப் பொறியின் மூளை இன்டெல் 8080 என்னும் நுண்செயலி. திரைப்படம் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் 55 உருவங்களையும் இடம் மாற்றி வரைய அதற்கு ஆற்றல் போதாது. எனவே ஒவ்வொரு முறையும் ஓர் உருவம் மட்டுமே நகர்த்தப்பட்டது. பந்தியில் ஒருவரே பரிமாறுகிறார் என்று கொள்வோம். உண்பவர் குறைந்தால், ஒவ்வோர் இலைக்கும் அவர் விரைவில் திரும்பி வருவார் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். 55 உருவங்களும் ஒருமுறை நகர ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். ஒன்றே எஞ்சினால், அதற்கு வினாடிக்கு 60 முறை வாய்ப்புக் கிட்டும்.

வடிவமைப்பாளர் டோமோஹிரோ நிஷிக்காடோ இதைக் குறையெனக் கருதித் திருத்தவில்லை. ஆட்டத்துக்குச் சுவை கூட்டுவதால் அப்படியே விட்டுவைத்தார்.

இன்றைய செயலிகள் ஆயிரக்கணக்கான உருவங்களை நொடிப்பொழுதில் வரைகின்றன. ஆனால், வெல்ல வெல்ல ஆட்டம் கடினமாக வேண்டுமாயின், அதைத் தனியே நிரலில் எழுதிச் சேர்க்க வேண்டும். அன்று அது பொறியின் வலுக்குறைவு தந்த கொடை!