ஊசிக்குப் பொருத்தம் பார்த்தீர்களா?

நம் கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், சில ஆண்டுகளாகப் பரணிலிருந்து இசைத்தட்டுகள் கீழே இறங்கி வருகின்றன. பிள்ளைகள் புதிதாக டர்ன்டேபிள் வாங்குகிறார்கள். தாத்தா கட்டி வைத்த பெட்டியைப் பிரிக்கிறார்கள். 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் அநேகமாக எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. எச்.எம்.வி.யின் தொழிற்சாலை இந்த ஊர் தம்தம்மில்தான் இருந்தது. இங்கே அச்சாகி, சென்னைக் கடையில் விலைபோய், லேக் மார்க்கெட் பக்கம் குடிவந்த குடும்பத்தோடு மறுபடி பிறந்த ஊருக்கே திரும்பிய தட்டுகளும் அவற்றில் இருக்கும் என்று நினைக்க எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆனால் போட்டுக் கேட்டதும் பல வீடுகளில் ஒரே தீர்ப்புதான்: "தட்டு தேஞ்சு போச்சு." சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, அல்லது கீச்சென்று காதைக் குத்துகிறது. அடுத்த ஞாயிறு பழைய பேப்பர்காரரோ ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் கடைக்காரரோ அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்.

ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பதிலேயே நாற்பது வருடம் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். தட்டைக் குறை சொல்லும் முன், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்கும் அதன் சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் போனோ பகுதிக்கும் பொருத்தம் பாருங்கள். பத்துப் பொருத்தம் வேண்டாம், இரண்டு போதும். எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது ஒன்று. கார்ட்ரிட்ஜின் மேல் என்ன மின்சுமை ஏற்றுகிறது என்பது மற்றொன்று.

நம் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் இருந்ததில்லை. அன்றைய பெட்டி பிளேயர்களில் பெரும்பாலும் கிரிஸ்டல் அல்லது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். நேரே ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தாலே பாடும். இப்போது வருபவற்றில் பல மூவிங் மேக்னட் வகை. அது தருவது சுமார் 3 முதல் 6 மில்லிவோல்ட். 40 டெசிபல், அதாவது 100 மடங்கு, பெருக்கினால்தான் மற்றக் கருவிகளின் அளவுக்கு வரும். மூவிங் காயில் வகையோ இன்னும் மெல்லிய குரல். ஜப்பானிய வானொலிக்காக 1960-களில் உருவான டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட்தான். அதற்கு 60 டெசிபல், 1000 மடங்கு வேண்டும். அதை 100 மடங்குப் பெட்டியில் மாட்டினால் 30 மில்லிவோல்ட்தான் மிஞ்சும். வால்யூமை முழுக்கத் திருப்புவீர்கள். பாட்டோடு இரைச்சலும் எழுந்து வரும். மாறாக, 5 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜை 1000 மடங்குப் பெட்டியில் கொடுத்தால் தவில் அடிக்கும் இடமெல்லாம் சிதறும். சங்க விழாவில் முணுமுணுப்பவருக்கும் முழங்குபவருக்கும் மைக்கை ஒரே அளவில் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா!

இன்னொரு சின்ன விஷயம். தட்டில் பதிக்கும்போது அடிநாதத்தைக் குறைத்தும் உச்ச ஒலியை உயர்த்தியும் பதிக்கிறார்கள். 1954-ல் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. முறை இது. அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்வதும் போனோ பகுதியின் வேலை. இன்றைய டர்ன்டேபிள் பலவற்றில் இந்தப் பகுதி உள்ளேயே இருக்கிறது. பின்னால் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச். லைனில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் போனோ துளையில் செருகினால் ஒரே வேலை இரண்டு முறை நடக்கும். குரல் கொழகொழவென்று உறுமும். சுவிட்சைத் தள்ளினால் சரியாகிவிடும். இதற்காகவும் தட்டுகளை விற்றவர்கள் உண்டு.

மின்சுமைதான் பலர் கவனிக்காதது. மூவிங் மேக்னட்டுக்கு 47 கிலோஓம் என்பது பொது வழக்கம். அநேகமாக எல்லாப் பெட்டியும் அப்படித்தான். சிக்கல் கெப்பாசிடன்ஸில். டோன் ஆர்ம் கம்பி, வெளிக் கேபிள், ஆம்ப்ளிஃபையரின் உள்நுழைவு மூன்றையும் கூட்ட வேண்டும். கேபிள் மட்டும் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் சேர்க்கும்.

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வீட்டில் ஆடியோ டெக்னிகா விஎம்95இ மாட்டியிருந்தார்கள். அது கேட்பது 100 முதல் 200 பிக்கோஃபாரட். அங்கே நீளக் கேபிளும் பழைய ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து 450-ஐத் தொட்டன. கார்ட்ரிட்ஜின் சுருளும் இந்தக் கெப்பாசிடன்ஸும் கூடி ஒரு குறிப்பிட்ட சுருதியில் எதிரொலிக்கும். 150-ல் அது 17 கிலோஹெர்ட்ஸ் பக்கம், பெரியவர்கள் காதுக்கு அநேகமாக எட்டாத இடம். 450-ல் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அந்த இடம் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு மேலே எல்லாம் மங்கிவிடும். ஆகவே நாதஸ்வரம் ஊசியாய்க் குத்தியது, ஜாலராவுக்கோ உயிர் இல்லை. கணவர் சேர்த்த தட்டுகளை மறுநாள் எடுத்துப் போகச் சொல்லி, கடைக்காரருக்கு முன்பே போன் செய்துவிட்டார் அந்த வீட்டு அம்மா. கேபிளை முக்கால் மீட்டராகக் குறைத்தோம். ஆம்ப்ளிஃபையரின் நுழைவில் இருந்த ஒரு சின்ன கெப்பாசிடரைக் கழற்றினேன். மறுபடி போட்டதும், "இது அவர் கேட்ட மாதிரியே இருக்கு சார்" என்றார். கடைக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

மூவிங் காயிலில் கெப்பாசிடன்ஸ் அவ்வளவு தொந்தரவு தராது. அங்கே ஓம் கணக்குதான். டிஎல்-103-ன் உள் மின்தடை 40 ஓம். சுமை 100 ஓமாவது இருக்க வேண்டும். உள் மின்தடையைப் போலச் சுமார் பத்து மடங்கு வரை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். மிருதங்கத் தோலில் உள்ளங்கையை வைப்பது போல: அதிகம் அழுத்தினால் ஒலி அடங்கிப்போகும், விட்டுவிட்டால் கணகணக்கும்.

நிஜமாகவே தேய்ந்த தட்டும் உண்டு. அதை எந்தப் பெட்டியும் மீட்காது. கண்டுபிடிக்க ஒரு வழி: புதிதாக வாங்கிய தட்டு ஒன்றைப் போடுங்கள். அதிலும் அதே குறை என்றால் பொருத்தம்தான் சரியில்லை. பழையதில் மட்டும், அதுவும் உரத்த இடங்களிலும் லேபிளை நெருங்கும்போதும் கரகரத்தால், அது தேய்மானம்.

கார்ட்ரிட்ஜ் கையேட்டில் மில்லிவோல்ட், ஓம், பிக்கோஃபாரட் மூன்றும் இருக்கும். ஆம்ப்ளிஃபையர் கையேட்டில் போனோ வரியைப் பாருங்கள். அவற்றைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு ஞாயிறு காலை சங்க நூலகத்துக்கு வந்தால் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கலாம். அதுவரை பேப்பர்காரரைக் கூப்பிட வேண்டாம்.