தொழிலின் இலக்குக்கேற்ற தொழில்நுட்பத் தலைவர்

பெங்களூரு அடுகோடியின் மூத்த குடிமக்களுக்கு அங்குள்ள பெரிய ஆலை வளாகம் இன்றும் ‘மைக்கோ’தான். 1951-இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, ஜெர்மனியின் போஷ் நிறுவனத் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் பம்புகளையும் தயாரித்துப் புகழ்பெற்றது. 2008-இல் அதன் பெயர் போஷ் லிமிடெட் என மாறியது. பின்னர் அடுகோடியின் உற்பத்திப் பணிகள் பிடதிக்குச் சென்றன. 2022 ஜூனில் பழைய வளாகம் நவீன தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது.

முகவரி ஒன்றே, ஆனால் பணி வேறு. டீசல் பம்பின் பாகங்கள் மைக்ரான் கணக்கில் பொருந்த வேண்டும். அங்கே தலைமை ஏற்பவருக்கு வேண்டியது பிழையின்றி ஒன்றையே பல இலட்சம் முறை செய்விக்கும் ஒழுங்கு. மென்பொருளோ விற்ற பின்னும் மாறிக்கொண்டே இருப்பது. அதனை வழிநடத்துபவர் விரைந்து சோதித்து, விரைந்து திருத்தக் கற்றிருக்க வேண்டும். ஒருவரின் திறமை குறைவன்று. இலக்கு மாறினால் தேவைப்படும் திறமையும் மாறுகிறது.

டாடா குழுமம் இதற்கு நல்ல சான்று. 1968-இல் பிறந்த டி.சி.எஸ். நிறுவனத்தின் பொறுப்பு, மறு ஆண்டே எஃப்.சி. கோலியிடம் வந்தது. அவர் மின்பொறியாளர், டாடா மின் நிறுவனத்தில் மின்கட்டமைப்பை இயக்கக் கணினியைப் பயன்படுத்தியவர். பிற நிறுவனங்களின் வேலைக்குக் கணினியைப் பயன்படச் செய்வதே புதிய தொழிலாக இருந்ததால், அந்த அனுபவம் அதற்குப் பொருந்தியது.

சிறு, நடுத்தரத் தொழில் முனைவோருக்கும் இது பொருந்தும். பிழையான தேர்வுக்கு ஈடாகப் பெரிய குழுமம் வேறொருவரை அமர்த்திக்கொள்ளும். கடன் பெற்று இயந்திரமும் மென்பொருளும் வாங்கிய சிறு நிறுவனமோ, அவை பயன்படாமல் கிடந்தாலும் மாதத் தவணையைச் செலுத்தியாக வேண்டும்.

ஆகவே, ஆளைத் தேடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் நம் நோக்கம் செலவைக் குறைப்பதா, புதிய பொருளை உருவாக்குவதா, புதிய சந்தையை எட்டுவதா? அந்நோக்கத்தை ஒத்த பணியை இவர் முன்பு முடித்துக் காட்டியிருக்கிறாரா? வணிக முடிவுகள் எடுக்கப்படும் கூட்டத்தில் இவருக்கு இடம் உண்டா?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை எழுத இயலவில்லையெனில், நேர்காணலைத் தள்ளிவையுங்கள். இலக்கு தெளிந்த பின் தேடினால், தேர்வு எளிதாகும். வாங்கிய கடனும் வருவாயாகத் திரும்பும்.